ஏழு எழுத்துகளும் ஒரு மரப்பெட்டியும்

"எத்தனை ஃபாரம் வரும் தம்பி?" என்று கேட்டார் அச்சகத்துப் பெரியவர்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் சின்ன அச்சகம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக். இவைதான் அங்கே அன்றாட வேலை. நான் கொண்டுபோனது தாத்தாவின் குறிப்பேடு. 1951-இலிருந்து 1988 வரை அவர் எழுதிவைத்தது. எந்த வருடம் ஏரி நிறைந்தது, எந்த வருடம் கோடி போனது, யார் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு மொய் எழுதினார்கள், வீட்டில் யார் எந்தத் திதியில் போய்ச் சேர்ந்தார்கள். இலக்கியம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் குடும்பத்தில் இதைவிட்டால் வேறு ஆவணம் இல்லை. 50 பிரதி அச்சடித்து உறவுக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று அப்பா ஆசைப்பட்டார்.

"64 பக்கம் வருங்கய்யா."

"அப்ப நாலு ஃபாரம்னு சொல்லுங்க."

எனக்கு ஃபாரம் என்றால் நிரப்பிக் கையெழுத்துப் போடுகிற தாள்தான் தெரியும். அல்லது பிரவுசரில் பெயர், மின்னஞ்சல் கேட்கிற கட்டங்கள். பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று முறை மடித்தார். எட்டு ஏடு, 16 பக்கம். மடித்தபடியே மூலையில் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டுப் பிரித்துக் காட்டினார். 1-க்குப் பக்கத்தில் 16. 8-க்குப் பக்கத்தில் 9. ஒரு வரிசை எண்கள் நேராக, அடுத்த வரிசை தலைகீழாக. "இதான் ஒரு ஃபாரம். டெம்மி சைஸ்ல ஒரு ஷீட். இப்படி மாத்தி மாத்தி வச்சு அடிச்சாத்தான் மடிக்கும்போது பக்கம் ஒழுங்கா வரும்."

பழைய அச்சகங்களில் ஈய எழுத்தில் கோத்த பக்கங்களை இந்த வரிசைப்படி ஒரு இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கி, எழுத்து நகராதபடி இறுக்கிப் பூட்டுவார்கள். பூட்டி முடித்த அந்த மொத்தச் சட்டத்துக்குத்தான் முதலில் ஃபாரம் என்று பெயர். சட்டம் போய் நாளாகிவிட்டது. சொல் மட்டும் மேசைமேல் இருந்தது.

தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூலான 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. முத்துக்குளித்துறையில் வேலை செய்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஹென்றிக் ஹென்றிகஸ் தமிழாக்கியது. அந்த நூலின் பக்கங்கள் 16. பெரியவர் கணக்குப்படி சரியாக ஒரு ஃபாரம்.

*

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆங்கில எழுத்துகளைப் பெரிய எழுத்தாக மாற்ற 'டு அப்பர் கேஸ்' என்று ஒரு கட்டளை உண்டு. பத்து வருடமாக அதை எழுதிவருகிறேன். கேஸ் என்றால் எழுத்து வகை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பெரியவர் கடையின் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பரண்மேல், ஒட்டடைக்கு நடுவில், சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மரப்பெட்டிகள். கேஸ் என்பது அதுதான். ஆங்கில அச்சுக்கோப்பவர் மேல் பெட்டியில் பெரிய எழுத்தையும் கீழ்ப் பெட்டியில் சின்ன எழுத்தையும் வைத்துக்கொண்டார். அப்படித்தான் அப்பர் கேஸ், லோயர் கேஸ்.

ஃபான்ட் என்ற சொல்லும் இதே மாதிரிதான். அதன் வேர் உலோகத்தை உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். வடிவமைப்பு மென்பொருளில் வரிகளுக்கு இடையே விடுகிற இடைவெளியை லெடிங் என்கிறார்கள். லெட் என்றால் ஈயம். இரண்டு வரிகளுக்கு நடுவே கம்போசிட்டர் செருகிய மெல்லிய ஈயப்பட்டை அது. திரையில் ஈயம் ஏது? ஆனாலும் நாம் 14 பாயிண்ட் லெடிங் வைக்கிறோம்.

தமிழ் இந்த வேலைக்குத் தனக்கென்று சில சொற்களைப் பிடித்துக்கொண்டது. கம்போசிங் என்பதற்கு 'அச்சுக் கோத்தல்'. பூக்கோப்பதற்கும் மணி கோப்பதற்கும் எந்தச் சொல்லோ அதுவே. புரூஃபுக்கு 'மெய்ப்பு'. அச்சு என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. தேருக்கு அச்சு, வெல்லத்துக்கு அச்சு, முறுக்குக்கு அச்சு. ஆனால் தொழில் செய்கிற இடத்தில் இங்கிலீஷ் சொல்லும் தமிழ்ச் சொல்லும் ஒன்றாகவே புழங்கின. "கேலி புரூஃப் எடுத்தாச்சா?" என்று கேட்டவருக்கு, கேலி என்பது கோத்த வரிகளை வைக்கும் நீளத் தட்டு என்று தெரியும். கிண்டலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"கோக்கிறதைவிடப் பிரிச்சுப் போடுறதுதான் கஷ்டம்" என்றார் பெரியவர். பதினைந்து வயதில் இந்த வேலைக்கு வந்தவர். சின்ன அச்சகங்களில் ஒரு முழுப் புத்தகத்தைக் கோத்துவைக்கும் அளவுக்கு எழுத்து இருக்காது. முதல் ஃபாரத்தை அடித்து முடித்ததும் எழுத்துகளைக் கழுவிப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் போட்டால்தான் அடுத்த ஃபாரத்தைக் கோக்க முடியும். மூன்றாவது ஃபாரம் ஓடும்போது முதல் ஃபாரத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பக்கமே உலகத்தில் இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களின் பிழைதிருத்தப் பட்டியல் ஏன் அவ்வளவு நீளம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

*

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆனால் பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்குத்தான் தமிழ் எழுத்து கொஞ்சம் சிக்கலைக் கொடுத்தது.

247 எழுத்துக்கும் 247 அறை வேண்டியதில்லை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு ஆகிய நான்கையும் தனித்தனி ஈயத் துண்டாக வார்த்துவிட்டால் கா, கெ, கே, கை, கொ, கோ எல்லாவற்றையும் சேர்த்துக் கோத்துவிடலாம். ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகளில் குறி எழுத்தோடு ஒட்டியே இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து வேண்டும். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். க-விலிருந்து ன வரை 18, புள்ளி வைத்தவை 18, இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72. அதோடு உயிர் 12, ஆய்தம் 1, தனித் துண்டுகள் 4. ஆக 125. கிரந்த எழுத்தும் எண்களும் நிறுத்தக்குறிகளும் இதில் சேரவில்லை.

இந்தச் சுமை ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு அச்சு வேலையைத் தொடங்கியபோது, அவருக்கான தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்க்கப்பட்டு 1713-இல் கப்பலில் வந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். பெரிய எழுத்தில் அடித்தால் காகிதம் தாங்காது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈயம் அதற்குப் பயன்பட்டது. புதிய ஏற்பாடு அச்சாகி 1715-இல் முடிந்தது. பக்கத்திலிருந்த பொறையாற்றில் காகித ஆலையும் போட்டார்கள். எழுத்தின் அளவு என்பது அன்றைக்கு அழகுப் பிரச்சினை இல்லை, காகிதப் பிரச்சினை.

என் 125 கணக்கு இன்றைய எழுத்துக்கு. தாத்தா எழுதிய எழுத்துக்கு அது 132. அந்த ஏழு எவை என்று நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தின் வாலோடு சேர்ந்து சுழிந்துவிடும். ணை, லை, ளை, னை நான்கிலும் ஐகாரக் கொம்பு முன்னால் வராது. யானை தும்பிக்கையைத் தூக்கின மாதிரி எழுத்தின் தலையிலேயே ஒரு வளைவு. கா, சா, தா என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் வரிசையில் இவை மட்டும் தன் போக்கில் நின்றன.

1935-இல் பெரியார் 'குடி அரசு' இதழில் இந்த வடிவங்களைக் கைவிட்டார். படிக்கிற குழந்தைக்குச் சுமை குறையும், அச்சுக்கோக்கவும் தட்டச்சு அடிக்கவும் எளிது என்பது வாதம். நாற்பது வருடத்துக்குமேல் அவர் பத்திரிகைகள் ஒரு எழுத்திலும் ஊரின் மற்ற பத்திரிகைகள் வேறு எழுத்திலும் வந்தன. பெரியார் நூற்றாண்டை ஒட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு இதை அரசாணையாக்கியது. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவற்றையும் சேர்த்து 13 எழுத்துகள் மாறின என்று சொல்வார்கள். பெட்டியில் மிச்சமானது ஏழு அறை.

நிரல் எழுதுகிறவனாக எனக்கு இந்த மாற்றம் பிடித்தமானது. விதிவிலக்கு குறைந்தால் பிழை குறையும். ஆனால் வடிவம் மாறுவதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று அந்த மரப்பெட்டி. பெட்டி இப்போது பரணில் கிடக்கிறது. குழந்தையைப் பற்றிய காரணம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. தாத்தா அரசாணைக்குப் பிறகும் பத்து வருடம் அதே தும்பிக்கையோடுதான் எழுதினார். அவர் கை மாறவில்லை.

*

முதல் மெய்ப்புக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கத்தில்தானே என்று நடந்தேன். ஊர்க்காரனாகப் பல முறை பார்த்த சுவர்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஊர்ச் சபை வாரியங்களுக்கு முப்பது குடும்புகளிலிருந்து ஆள் எடுப்பது எப்படி, யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த குடவோலை முறை. பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம்.

இந்த முறை நான் அதை ஒரு அச்சு வேலையாகப் பார்த்தேன். ஒரே ஒரு பிரதி. பிழை திருத்த வழியில்லை. புள்ளி வைப்பது அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் வழக்கமில்லை. படிக்கிறவரே சூழலைப் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். புள்ளியை விடாமல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கொண்டுவந்ததில் அச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தச் சுவர் ஊரைவிட்டு வெளியே போனதும் அச்சைப் போன்ற ஒரு வழியில்தான். 1898-இல் கல்வெட்டுத் துறையினர் இதைப் படியெடுத்தார்கள். வி. வெங்கையா தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விரிவாக எழுதினார். படியெடுப்பதற்கு மைப்படி என்று பெயர். நனைத்த காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் அடிப்பார்கள். காகிதம் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். மேலே மையை ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகவே நிற்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பாகும். மையைத் தடவுவது காகிதத்தின் வெளிப்பக்கத்தில். அதனால் எழுத்து இடவலம் மாறாமல் நேராகவே கிடைக்கும்.

ஈய அச்சில் அப்படி இல்லை. எழுத்து கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். கம்போசிட்டர்கள் வாழ்நாள் முழுக்க எழுத்தை மாற்றிப் படித்தவர்கள்.

ஆஃப்செட் மூன்றாவது வழி. அதன் அடிப்படை 1790-களின் பிற்பகுதியில் பவேரியாவில் அலாய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த கல்லச்சு. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அவ்வளவுதான். எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் எழுதி, கல்லை நனைத்தால் எழுத்து தண்ணீரை ஏற்காது. பிறகு மை தடவினால் ஈரமான இடம் மையை ஏற்காது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பிறகு கல்லின் இடத்துக்கு உலோகத் தகடு வந்தது. 1904-இல் அமெரிக்காவில் ஐரா ரூபெல் என்பவரின் இயந்திரத்தில் ஒரு தாள் ஊட்ட விட்டுப்போனது. தாள் இல்லாததால் மை ரப்பர் உறையிட்ட உருளைமேல் விழுந்தது. அடுத்த தாள் வந்தபோது ரப்பரிலிருந்த மை அதன் பின்பக்கத்தில் பதிந்தது. பார்த்தால் நேரடியாகப் பதிந்ததைவிட அது துல்லியமாக இருந்தது. ரப்பர் வளைந்துகொடுத்துத் தாளின் மேடுபள்ளத்தில் எல்லாம் சேர்ந்து படிகிறது.

ஆகவே ஆஃப்செட்டில் பிளேட்டில் எழுத்து நேர், பிளாங்கெட் என்ற ரப்பரில் மாறி விழும், தாளில் மறுபடி நேர். தகடு தாளைத் தொடுவதே இல்லை. அச்சகத்துக்குத் திரும்பியதும் இதைச் சொன்னேன். பெரியவர் சிரித்தார். "ஆஃப்செட் வந்தப்ப எனக்கு அதான் தம்பி கஷ்டமா இருந்துச்சு. பிளேட்டைப் பார்த்தா நேரா இருக்கும். தப்பா இருக்கேன்னு கை நிக்கும்."

*

ஈய எழுத்துக்கும் இன்றைய டிஜிட்டல் இயந்திரத்துக்கும் நடுவில் இந்தக் கடை ஒரு இருபது வருடத்தை மினி ஆஃப்செட்டில் ஓட்டியிருக்கிறது. கம்ப்யூட்டரில் டி.டி.பி. செய்து, லேசர் பிரிண்டரில் பட்டர் ஷீட் எடுத்து, அதைத் தகட்டின்மேல் வைத்து வெளிச்சம் காட்டிப் பிளேட் போடுவது. பட்டர் எடுக்கும்போது "மிரர் போட்டு எடு" என்பார்கள். மை தகட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பதால் மாற்றி எடுக்க வேண்டும். பெரிய அச்சகங்களில் இப்போது இந்தப் படியும் இல்லை. கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்டுக்கு லேசர் எழுதிவிடுகிறது.

எங்கள் வேலைக்கு ஆஃப்செட் சரிவராது என்று பெரியவரே சொல்லிவிட்டார். பிளேட் போடுவது, மை ஒழுங்காக வருகிற வரைக்கும் கழிவுத் தாள் ஓட்டுவது எல்லாம் 50 பிரதிக்கும் ஒரே செலவு, 5,000 பிரதிக்கும் ஒரே செலவு. எண்ணிக்கை கூடக் கூடத்தான் ஒரு பிரதியின் அடக்கம் இறங்கும். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. முதல் பிரதிக்கும் ஐம்பதாவது பிரதிக்கும் ஒரே விலை.

மெய்ப்பு வந்தது. பார்த்ததும் வயிறு கலங்கியது. பக்கம் முழுக்கக் கொம்புகள் சிதறிக் கிடந்தன. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

காரணம் எனக்குத் தெரிந்ததுதான். கம்போசிட்டர் 'கெ' கோக்கும்போது முதலில் கொம்பை எடுப்பார், பிறகு க. கண்ணுக்குத் தெரிகிற வரிசை. தொண்ணூறுகளில் வந்த தமிழ் எழுத்துருக்களும் அந்தப் பெட்டியின் பழக்கத்திலேயே உருவானவை. கொம்பை முதலில் தட்ட வேண்டும். யூனிகோடு ஒலியின் வரிசையில் போகிறது. முதலில் க, பிறகு எகரக் குறி. திரையில் காட்டும்போதுதான் மென்பொருள் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும். கடையிலிருந்த பழைய வடிவமைப்பு மென்பொருளுக்கு அது தெரியாது. நான் கொடுத்த யூனிகோடு கோப்பை அப்படியே வரிசையாகக் கொட்டிவிட்டது. கடைப் பையன் பழைய எழுத்துருவுக்கு மாற்றிவிடலாம் என்றான். நான் என் மடிக்கணினியிலேயே பக்கம் அமைத்து, எழுத்துருவை உள்ளடக்கிய பி.டி.எஃப். கொடுத்தேன். சரியாக வந்தது.

அப்போதுதான் அப்பா போன் செய்து கேட்டார். "பாட்டியால படிக்க முடியுமாடா?"

பாட்டிக்கு இன்றைய எழுத்து தெரியாமல் இல்லை. பேப்பர் படிக்கிறார். ஆனால் தாத்தா எழுதியதைத் தாத்தா எழுதிய மாதிரி பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டதாக அப்பா சொன்னார். அவர் பெயரில் ஒரு 'லை' இருக்கிறது. குறிப்பேட்டில் அந்தப் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் தும்பிக்கை தூக்கியிருக்கும்.

யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் வேறு வேறு எண் இல்லை. ல, அதன்பின் ஐகாரக் குறி, அவ்வளவுதான். எப்படி வரைவது என்பது எழுத்துருவின் பொறுப்பு. பழைய வடிவங்களோடு 'லோஹித் தமிழ் கிளாசிக்கல்' என்று ஒரு இலவச எழுத்துரு இருக்கிறது. கோப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் எழுத்துருவை மட்டும் மாற்றினேன். 64 பக்கத்திலும் தும்பிக்கைகள் எழுந்து நின்றன.

எந்த எழுத்தில் அடிப்பது? அக்கா பிள்ளைகளுக்குப் பழைய எழுத்து தெரியாது. பாட்டிக்கு அது வேண்டும். ஈயத்தில் என்றால் இரண்டு முறை கோக்க வேண்டும். ஆஃப்செட்டில் இரண்டு செட் பிளேட். 1935-இல் யாராவது ஒருவர் தோற்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பெட்டி ஒன்றுதான். டிஜிட்டலில் அந்தக் கட்டாயம் இல்லை. 40 புதிய எழுத்தில், 10 பழைய எழுத்தில் என்று முடிவு செய்தோம். விலையில் ஒரு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. எழுத்தின் அகலம் மாறியதால் பழைய எழுத்துப் பிரதியில் வரிகள் நகர்ந்து கடைசி இரண்டு வரி 65-ஆவது பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு வரிக்காக ஒரு தாள் கூட்ட முடியாது. நான் எழுத்தைச் சின்னதாக்கப் போனேன். பெரியவர் என் தோள்மேல் கை வைத்துத் திரையைப் பார்த்தார்.

"எழுத்துல கை வைக்காதீங்க தம்பி. லெட்டுல அரை பாயிண்ட் எடுங்க. உக்காந்துரும்."

எடுத்தேன். உட்கார்ந்தது.

பழைய எழுத்துப் பிரதிகள் பத்தில் ஒன்றைப் பெரியவரிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அச்சு அழுந்தாத டோனர் தாள், தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. ஆனாலும் தடவினார். பிறகு 1965-இல் ஏரி நிறையாத கதையைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார்.